குடிபுகுந்த பொறியாளர்

மேற்கே ஏலமலைத் தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இவற்றிற்கு நடுவே கூடலூரில் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என நீண்டு தேனியில் வாய் திறக்கும் தாழ்நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. இதன் அழகைப் பாடிய கவிஞர் பலர். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் என்றோ ஒருநாள் எங்கிருந்தோ வந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தவர் அவ்வளவு பேர் இல்லை. மாடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கிலிருந்து இறங்கியதாகத் தம் முன்னோரைப் பற்றிக் கூறும் கன்னட மொழிக் குடியினர் கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவை இன்றும் பேணுகின்றனர். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் குடிகள் உண்டு. வணிகத்தாலும் உழவாலும் வேரூன்றிய இராவுத்தர்கள் உண்டு. மழை பொய்த்த கீழ்ச்சீமைப் புன்செய்களை விட்டு மலையடிவாரம் நாடி வந்தோரும் உண்டு.

இவ்வாறு இடம்பெயர்ந்தோர் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். பழைய ஊரில் குலதெய்வம் நின்ற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து வந்து, புதிய ஊரில் அதை இட்டு அதன்மேல் கோயில் எழுப்புவர். பிடிமண் கோயில் என்று அதற்குப் பெயர். ஊரைத் தூக்கிவர இயலாதவன் ஒரு பிடியையாவது கொண்டுவருகிறான். பிரிவின் துயரை ஆற்றிக்கொள்ளத் தமிழ்நாட்டு எளிய மக்கள் கண்ட இவ்வழிக்கு ஈடான ஒன்றைப் பெருங்கவிஞர்களும் கண்டதில்லை எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பள்ளத்தாக்கின் தலைப்பில், பெரியாற்றுக் காட்டில், ஒருவர் வந்து கூடாரம் அடித்தார். அவர் முடிந்துவர ஒரு பிடி மண் எங்கும் இருந்ததில்லை. கர்னல் ஜான் பென்னிகுயிக் என்ற அப்பெயரை அறியாத வீடு இன்று இப்பள்ளத்தாக்கில் இல்லை. அணை கட்டியவர் என்றே அவரை அறிவோம். ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டே வாழ்ந்த ஒரு மனிதராக அவரை நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படும்.

அவர் பிறந்தது 1841-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள், பூனா நகரில். வெள்ளைக்காரர், வேற்றுநாட்டார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் அவருக்கு இந்தியாதான் பிறந்த மண். தந்தை, அவர் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான், ஆங்கிலப் படையில் உயர்நிலை வகித்தவர். படைவீரன் வீட்டுப் பிள்ளைக்குச் சொந்த ஊர் ஏது? படை செல்லுமிடமே ஊர். அது கலையும் நாளே விடைபெறும் நாள்.

1849 சனவரி 13 அன்று பஞ்சாபில் சில்லியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியப் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் கடும்போர் நிகழ்ந்தது. 24-ஆம் காலாட்படை அன்று பேரழிவுக்கு உள்ளாயிற்று. பென்னிகுயிக்கின் தந்தை அக்களத்தில் வீழ்ந்தார். அவருடன் போர்க்களம் புகுந்திருந்த மூத்த மகன் அலெக்சாண்டரும் அங்கேயே மாண்டான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. இளைய ஜானுக்கு எட்டு வயது நிறைவதற்கு இன்னும் இரண்டே நாள்கள் இருந்தன. பிறந்தநாளும் தந்தையின் நினைவுநாளும் அடுத்தடுத்து வரும் சனவரி அவருக்கு வாழ்நாள் முழுதும் வாய்த்தது. அதே சனவரி 15-ஐ இன்னொரு மக்கள் கூட்டம் பொங்கலிட்டுக் கொண்டாடப்போகிறது என்று அன்று யார் எண்ணியிருக்க முடியும்?

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியில் அவர் பயின்றார். அவர் பிறந்த ஆண்டிலேயே தோன்றிய கல்லூரி அது. பின்னர் அடிஸ்கோம்பு என்னும் இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய படைப்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் துணை அதிகாரியாகப் பதவி பெற்றார். கம்பெனியின் ஆட்சி முடிந்து இந்தியா அரசியாரின் நேரடி ஆட்சிக்குள் சென்றதும் அதே ஆண்டுதான். அவர் பயின்ற அடிஸ்கோம்புக் கல்லூரி 1861-இல் மூடப்பட்டது. திரும்பிச் சென்று காண ஒரு பள்ளிக்கூட வாசல்கூட எஞ்சவில்லை.

1860-இல் பத்தொன்பது வயது இளைஞராக இந்தியா வந்து சேர்ந்தார். இதை வருகை என்பதா, மீட்சி என்பதா? பிறந்த நாட்டுக்குத்தான் வந்தார். ஆனால் பூனாவுக்கு வரவில்லை. சென்னை மாகாணத்தின் மொழிகள் வேறு, மண் வேறு, வெயிலும் வேறு. பொதுப்பணித் துறையில் கண்மாயும் கால்வாயுமாக அவர் காலம் கழிந்தது. இடையில் 1867-68-இல் அபிசீனியப் போருக்கு அனுப்பப்பட்டு, அங்கும் பணியாற்றித் திரும்பினார். 1879-இல் கிரேசு ஜார்ஜியானா சாமியர் என்ற மங்கையை மணந்தார். அவரும் சென்னைப் படை அதிகாரி ஒருவரின் மகளே. கிரிக்கெட் ஆட்டத்தில் பென்னிகுயிக்குக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. எந்த ஊருக்கு மாறினாலும் ஒரு மட்டையும் பந்தும் சமநிலமும் கிடைத்துவிட்டால் பழைய ஊரின் மாலைப்பொழுது திரும்பக் கிடைத்துவிடும் என்பது அயலூரில் பிழைப்பவர் எவரும் அறிந்ததே. நம்மவர் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தவிலும் நாயனமும் தேடியதும் இதனால்தான்.

பெரியாறு சிவகிரி மலையில் தோன்றி மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலப்பது. மலையின் இப்பக்கம் வைகை வறண்டு கிடக்க, அப்பக்கம் பெருவெள்ளம் யாருக்கும் பயனின்றிக் கடல் சேர்வதைக் கண்டு, அதைக் கிழக்கே திருப்ப முதன்முதல் எண்ணியவர் ஆங்கிலேயர் அல்லர். இராமநாதபுரம் அரசின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789-ஆம் ஆண்டளவில் ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். பொருள் வசதியின்மையால் அம்முயற்சி நின்றது. 1808-இல் கால்டுவெல் என்னும் பொறியாளர் ஆராய்ந்து, இது நிறைவேறாத எண்ணம் என்று முடிவு கூறினார். 1850-இல் ஒரு சிறிய அணைக்கான வேலை தொடங்கியே விட்டது. அதுவும் கைவிடப்பட்டது.

1850-இன் தோல்விதான் இங்குச் சிந்திக்கத் தக்கது. அன்று வேலையை நிறுத்தியது ஆற்று வெள்ளமன்று. நோய் மலிந்த அக்காட்டில் தங்கி வேலை செய்ய ஆட்கள் உடன்படவில்லை. தங்குவதானால் மிகுந்த கூலி வேண்டும் என்றனர். கருங்கல்லை உடைக்க வெடிமருந்து உண்டு. ஊரில் வாழ்ந்த மனிதனை ஊரில்லாத இடத்தில் தங்கச் செய்ய எந்தக் கருவி உண்டு? பெரியாற்றுத் திட்டத்தின் முதற்சிக்கல் பொறியியல் சிக்கலாக இருக்கவில்லை. அது குடியமர்வுச் சிக்கலாகவே இருந்தது. பின்வந்தவர்களின் அளவைக் கணக்குகளைப் படிப்போர் இதைக் காணத் தவறிவிடுகின்றனர்.

இதற்கிடையில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. மதுரை, இராமநாதபுரச் சீமைகளில் வீடுகள் பூட்டப்பட்டன. பல வீடுகள் பூட்டக்கூடப் படவில்லை. இலங்கைக் காப்பித் தோட்டங்களை நோக்கி மக்கள் சாரி சாரியாக நடந்தனர். நீரற்ற ஊரில் எவனும் நிலைத்திருக்க மாட்டான் என்ற உண்மை அரசினருக்கும் அப்போது உறைத்தது. பெரியாற்றுத் திட்டம் மீண்டும் மேசைக்கு வந்தது. 1882-இல் அதனைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1884-இல் அவரது திட்டம் ஏற்கப்பட்டது. திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் நெடுநாள் நடந்த பேச்சின் முடிவில் 1886 அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில் 999 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஒரு மனிதனின் ஆயுளைப் போல் பதின்மடங்குக்கு மேல் நீளும் குத்தகை அது! அதனால் விளைந்த வழக்குகள் நீதிமன்றங்களுக்கு உரியவை. அவற்றை இங்கே விடுப்போம்.

1887-இல் வேலை தொடங்கியது. அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கிய பொருள்கள் மாட்டு வண்டிகளில் பல நாள் பயணம் செய்து கூடலூர் வந்து சேரும். மலைமேல் ஏற்றுவதற்குக் கம்பிவடம் அமைத்தனர். மேலே நீர்வழியில் படகுகள் சுமந்தன. இரும்பும் சுண்ணாம்பும் மட்டும் ஏறவில்லை, மனிதர்களும் ஏறினர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் கீழ்ச்சீமையிலிருந்தும் கூலியாட்கள். கொச்சியிலிருந்து போர்ச்சுகீசியத் தச்சர்கள். சென்னைப் பயனியர் படையின் 1-ஆம், 4-ஆம் பிரிவு வீரர்கள். சில ஆங்கிலப் பொறியாளர்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, ஆங்கிலம் எனப் பல மொழிகள் ஒரே அடுப்புப் புகையில் கலந்தன. எல்லாரும் வேற்றூரார். அந்தக் காட்டில் ஒருவனைப் பார்த்து நீ அயலான் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இருக்கவில்லை. மலைக்குடிகளான மன்னான்களுக்கும் பளியர்களுக்கும் மட்டுமே அந்த உரிமை இருந்தது.

சங்க நூல்கள் கற்றோருக்குப் பாசறை புதிதன்று. வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தில் பாசறையில் இருப்பான். வீட்டில் ஒருத்தி அவன் வரவுக்காக விளக்கேற்றிக் காத்திருப்பாள். முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள தொலைவையே பாடுபொருளாகக் கொண்டவை. பெரியாற்று முகாமும் ஒரு பாசறைதான். எதிரியாய் நின்றது மழையும் காய்ச்சலும். தென்மேற்குப் பருவம் கொட்டித் தீர்க்கும். ஓய்ந்தது என்று நிமிர்வதற்குள் வடகிழக்குப் பருவம் தொடங்கும். அட்டை கடிக்கும். இரவில் யானைகள் வரும். மலேரியாக் காய்ச்சல் ஒரு குடிசையில் நுழைந்தால் வரிசை முழுவதையும் பார்த்துவிட்டே செல்லும். கட்டுமானக் காலத்தில் நோயால் மட்டும் 483 பேர் இறந்தனர் என்று கணக்கு உண்டு. அணைக்கு வடபுறம் ஓர் இடுகாடு அமைந்தது. ஓர் இடத்தில் தன்னவரைப் புதைத்த பிறகு அந்த இடம் மனிதனுக்கு அயலிடமாக இருப்பதில்லை. முகாமில் இருந்தோர் அம்மண்ணுடன் கொண்ட முதல் உறவு அந்த இடுகாடாகத்தான் இருந்திருக்கும்.

அங்குப் பணியாற்றிய பொறியாளர்களுள் ஒருவரான மெக்கன்சி பின்னாளில் அத்திட்டத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். நாட்டுச் சாராயத்தின் மருந்துக்குணம் இல்லாதிருந்தால் அணை முடிந்தே இராது என்னும் பொருள்பட அவர் அதில் குறித்துள்ளார். படிப்போர் சிரித்துக் கடந்துவிடும் செய்தி இது. குளிருக்கும் காய்ச்சலுக்கும் என்று குடித்த சாராயம் எவற்றையெல்லாம் ஆற்றியிருக்கும் என்று சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூடலூரில் விட்டுவந்த மனைவியை. விதைப்புக்கு ஆளில்லாத நிலத்தை. கொச்சிக் கடற்கரைத் தேவாலயத்தின் மணியோசையை. அரசு ஏடுகள் கன அடியையும் ரூபாயையும் எழுதும். ஏக்கத்துக்கு அவற்றில் கட்டம் இல்லை. மெக்கன்சியின் அந்த ஒரு குறிப்பில்தான் அது மறைமுகமாகப் பதிவாகியிருக்கிறது.

இக்கூட்டத்தின் தலைவராக இருந்தவர் பென்னிகுயிக். தொடக்கத்தில் ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மீண்டும் போட்டனர், மீண்டும் சென்றது. ஒரு பருவத்தின் உழைப்பு ஓரிரவில் நுரையாகப் போவதைக் கண்டவர்கள், மறுநாள் காலை மண்வெட்டி எடுப்பதற்குக் கூலி மட்டும் போதாது. 1850-இல் போலவே ஆட்கள் இறங்கிப் போய்விட்டிருக்கலாம். ஆனால் இம்முறை வேலை நிற்கவில்லை. அதற்குத் திட்டத்தின் செம்மையும் அரசின் பணமும் காரணங்கள்தாம். மற்றொன்றும் சேர்த்தே எண்ணத் தக்கது. எட்டு வயது முதல் இழப்புக்குப் பழகி, எந்த ஊரிலும் வேர்விடாமல், எந்த ஊரையும் வெறுக்காமல் நாற்பத்தாறு வயதில் அக்காட்டுக்கு வந்த ஒருவர் அங்கே தலைமை தாங்கினார். முகாம் வாழ்க்கை பிறருக்குத் தண்டனையாக இருந்தது. அவருக்கு அது பிறவி வழக்கம். கூடாரத்தை வீடாகக் கொள்ளத் தெரிந்தவர் முன்னே நின்றால் பின்னே நிற்பவர்க்கும் அது ஓரளவு கைகூடும்.

சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையும் கல்லுமாக அணை உயர்ந்தது. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம். 1,200 அடி நீளம். தேங்கிய நீரைக் கிழக்கே கொணர மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளத்தில் சுரங்கம் அமைத்தனர். எல்லாமாகச் செலவு ஏறத்தாழ 104 இலட்சம் ரூபாய். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு முன்னிலையில் திறப்பு நிகழ்ந்தது. மேற்கே பிறந்து மேற்கே போய்க்கொண்டிருந்த ஆறு மலையின் வயிற்றுக்குள் புகுந்து கிழக்கே வெளிப்பட்டு, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றுடன் கலந்து, வைகையைச் சேர்ந்தது. அன்று இடம்பெயர்ந்தவற்றுள் தலையாயது அந்த ஆறே. தன் கடலை இழந்து வேறொரு நாட்டின் வயல்களில் கரையக் கற்றுக்கொண்ட ஆறு!

நன்மையை மட்டும் பாடுவது நேர்மை ஆகாது. அணைக்குப் பின்னே எழுந்த ஏரியில் காடு மூழ்கியது. தேக்கடியில் நீருக்கு மேலே கருகி நிற்கும் மரக்கட்டைகளைச் சுற்றுலா வருவோர் படமெடுத்துச் செல்கின்றனர். நூற்றாண்டுக்கு மேலாக அவை அங்கே நிற்கின்றன. தம் முன்னோர் பாண்டிய நாட்டிலிருந்து மலையேறியவர் என்று கூறும் மன்னான்கள் பின்னாளில் காட்டை விட்டுக் குமுளி ஓரத்துக் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். ஒருவரின் ஊர் தழைக்க இன்னொருவரின் தடம் அழிவது நீர்த்தேக்கங்களின் வரலாற்றில் விலக்கமுடியாத பக்கமாகவே இருந்துவருகிறது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபோதும் அதன் நீர்ப்பரப்புக்காகச் சிற்றூர்கள் வெளியேறின. அத்துயரம் நம் மாவட்டத்துக் கவிஞர் ஒருவரின் கையில் 'கள்ளிக்காட்டு இதிகாச'மாகி 2003-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. பெரியாற்றில் மூழ்கிய தடங்களுக்கு அப்படியோர் இதிகாசம் எழுதப்படவில்லை.

கீழே இறங்கிய நீர் என்ன செய்தது என்பதை உழவரிடம் கேட்டறிய வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலாயிற்று. பேரணைக்குக் கீழே மேலூர் வரை கால்வாய் சென்றது. முதற்போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் மதகருகே மலர் தூவி நிற்கும் முதியோரின் கண்களில் பஞ்சத்தின் பழங்கதை தெரியும். தாத்தனுக்கு முந்தைய தலைமுறை ஊரைவிட்டுப் போனது. பேரன் தலைமுறை ஊரிலேயே இருக்கிறது. நெல்லுக்கும் திராட்சைக்கும் தென்னைக்கும் அப்பால் அந்நீர் தந்த பெரிய விளைச்சல் இதுவே. பிறந்த மண்ணில் இருக்கப்பெறாத ஒருவரின் உழைப்பால் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிறந்த மண்ணில் இருக்கும் பேறு வாய்த்தது.

1896-இல் பென்னிகுயிக் ஓய்வுபெற்றார். முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. வயது ஐம்பத்தைந்து. இங்கிலாந்து திரும்பினார் என்று வரலாறு எழுதுகிறது. மாணவனாக விட்டுவந்த நாட்டுக்கு நரைத்த தலையுடன் போவது திரும்புதல் ஆகுமா? வளர்ந்த மனிதனாக அவர் அந்நாட்டில் நிலைத்து வாழ்ந்ததே இல்லை. வயல்வெளி வெயிலுக்குப் பழகிய கண்களுக்கு அந்நாட்டு மூடுபனி புதிய ஊரே. வெளிநாடு சென்று பொருளீட்டி முதுமையில் ஊர் திரும்பும் நம்மவர் பலருக்கும் இது நேர்கிறது. போனபோது இருந்த ஊர் வரும்போது இருப்பதில்லை. போன ஆளும் வருவதில்லை. முதற்பிரிவுக்கு ஆறுதல் சொல்லப் பலர் உண்டு. இந்த இரண்டாம் பிரிவை யாரும் பிரிவென்றே கருதுவதில்லை.

அவர் அதை எதிர்கொண்ட வகை கவனிக்கத் தக்கது. 1896 முதல் 1899 வரை கூப்பர்சு ஹில் என்னுமிடத்தில் இருந்த அரசு இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றார். இந்தியாவுக்குப் பொறியாளர்களை உருவாக்கி அனுப்புவதற்கென்றே நிறுவப்பட்ட கல்லூரி அது. அவர் முன் அமர்ந்திருந்தவர்கள், 1860-இல் அவர் இருந்தது போல், கடல் கடந்து அறியாத மொழிகளுக்கிடையே சென்று வாழவிருந்த இளைஞர்கள். அவர்களுக்குக் கணக்கும் நீரியலும் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இருந்தனர். கூடாரத்தில் முதல் மழைக்காலத்தைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று அறிந்த தலைவர் ஒருவரும் இருந்தார். தன் பிரிவை அடுத்தவனின் வழித்துணையாக மாற்றிக்கொள்வது முதுமைக்கு வாய்க்கும் நல்ல பணிகளுள் ஒன்று. அக்கல்லூரியும் 1906-இல் மூடப்பட்டது. அடிஸ்கோம்பு போயிற்று, கூப்பர்சு ஹில்லும் போயிற்று. கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகிய 1899-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி ஆராய்ந்து கருத்துரைக்க அழைக்கப்பட்டார். அங்கும் ஓர் ஆறு, அங்கும் வெள்ளம். கேம்பர்லி என்னும் ஊரில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1911 மார்ச்சு 9 அன்று எழுபதாம் வயதில் மறைந்தார். அருகிலுள்ள பிரிம்லி தேவாலயத்துக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

வாழ்க்கை வரலாறு இங்கே முடியலாம். கம்பம் பள்ளத்தாக்கு அதை முடிக்க விடவில்லை.

அரசு பணம் தர மறுத்ததாகவும், பென்னிகுயிக் இங்கிலாந்து சென்று தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்ததாகவும் ஒரு கதை ஊர்தோறும் வழங்குகிறது. மேடையில் சொல்லக் கேட்டுக் கண் கலங்காதவர் அரிது. ஆனால் அரசு ஆவணங்கள் காட்டுவது அரசுப் பணத்தில் நடந்த ஒரு திட்டத்தையே. வீட்டை விற்ற செய்திக்கு அவற்றில் சான்றில்லை. ஆய்வாளர்கள் இதைச் சுட்டும்போது பள்ளத்தாக்கு மக்கள் மனம் நோவதும், சிலர் சினம் கொள்வதும் உண்டு. இரு சாராரும் அமைதியாகச் சிந்திக்க ஒன்று இருக்கிறது. ஏன் இந்தக் கதை? வீரக்கதை வேண்டுமானால் புலியைக் கொன்றதாகச் சொல்லியிருக்கலாம். பக்திக்கதை வேண்டுமானால் கனவில் தெய்வம் வந்ததாகச் சொல்லியிருக்கலாம். சொத்தை விற்றதாக ஏன் சொன்னார்கள்?

இப்பள்ளத்தாக்கில் குடியேறிய ஒவ்வொரு குடும்பத்தின் நினைவிலும் அந்த விற்பனை இருக்கிறது. பழைய ஊரில் இருந்த காணியை, தொழுவத்தை, தாலியில் கோத்த குண்டுமணித் தங்கத்தை விற்று, அதை இந்த மண்ணில் போட்டவர்களே இங்கு நிலைத்தார்கள். அங்கே ஒன்று மிச்சமிருக்கும் வரை ஒருவன் இங்கே முழுமையாக வந்தவன் ஆவதில்லை. அங்கிருந்ததை விற்று இங்கே போட்டவனே இவ்வூரான். தம் முன்னோர் செய்ததை அந்த வெள்ளைக்காரரும் செய்தார் என்று சொன்னபோது, மக்கள் அவரைத் தம் குடும்பப் பட்டியலில் சேர்த்துக்கொண்டனர். வரலாறாக அது நிற்காது. உறவு கொண்டாடும் முறையாக அது நிற்கும். பிடிமண் கொண்டுவராத ஒருவருக்கு ஊரார் தாமே எடுத்து வைத்த பிடிமண் அக்கதை என்று கொள்வதில் தவறில்லை. ஆவணத்தையும் கதையையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றத் தெரிந்தால் சண்டைக்கு இடமில்லை.

2013 சனவரி 15 அன்று கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா பென்னிகுயிக் நினைவு மண்டபத்தைத் திறந்துவைத்தார். லோயர் கேம்ப் என்பது தங்கிச் செல்வதற்கான இடத்தின் பெயர். இன்று அது பள்ளியும் கடைத்தெருவும் கொண்ட ஊர். அவ்வூரில் பிறந்த பிள்ளைகள் சொந்த ஊர் எது என்று கேட்டால் முகாமின் பெயரைத்தான் சொல்லவேண்டும், தயங்காமல் சொல்கின்றனர். தேனியின் புதிய பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கேம்பர்லியிலும் 2022-இல் தமிழ்நாடு அரசின் முயற்சியால் அவருக்குச் சிலை எழுந்தது.

சிலைகளைக் காட்டிலும் வீட்டுச் சுவர்கள் முக்கியமானவை. தாத்தா படத்துக்கும் சாமி படத்துக்கும் நடுவே மீசை வைத்த அந்த அயல்முகம் மாட்டப்பட்டுள்ள வீடுகளைப் பாலார்பட்டி முதலிய ஊர்களில் காணலாம். ஆண்டுதோறும் தைப்பொங்கலையொட்டி அவர் பிறந்தநாளில் பாலார்பட்டியில் அவருக்கெனப் பொங்கல் வைக்கின்றனர். புதுநெல் அரிசி பானையில் பொங்கி வழியும்போது குலவையிடும் பெண்களுக்கு அவர் பெயரைச் சரியாக உச்சரிக்க வருவதில்லை. பென்னிகுக் என்பார் சிலர், பென்னிக் துரை என்பார் சிலர். பிள்ளைகளுக்கு அப்பெயரைச் சூட்டியவர் உண்டு. அவருடன் பணிபுரிந்த லோகன் என்பவரின் பெயர் லோகன்துரை ஆகி இப்பள்ளத்தாக்கின் பள்ளி வருகைப் பதிவேடுகளில் இடம்பெற்று வருகிறது. ஆசிரியர் அப்பெயரை அழைக்கிறார். கூடலூர்க்காரப் பையன் ஒருவன் எழுந்து நின்று, உள்ளேன் ஐயா என்கிறான்.